பள்ளிக்குப் போகும் பிள்ளையும் பரம்பரை பற்றிய பயமும்



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். ஐந்து வயது நிறைந்த பிள்ளைக்குச் சட்டை தைத்து, பை வாங்கி, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள். இன்று நான் பேச வந்தது தடுப்பூசியைப் பற்றியோ சத்துணவைப் பற்றியோ அல்ல. பல வீடுகளில் புருஷனும் மனைவியும் விளக்கை அணைத்த பிறகு மட்டும் மெதுவாகப் பேசிக்கொள்கிற ஒரு விஷயத்தைப் பற்றி. "நம்ம பிள்ளை ஓர் இடத்துல உட்காரமாட்டேங்கிறான். அவன் சித்தப்பா மாதிரி ஆகிடுவானோ?" என்ற பயம் அது.

சித்தப்பா என்று சொன்னது ஓர் உதாரணத்துக்கு. சில வீட்டில் அது தாய்மாமன். சில வீட்டில் அப்பத்தா. சில வீட்டில் பெற்ற தாயோ தகப்பனோதான். ஒருவருக்கு இருபது வயதில் மனநோய் வந்து, தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்திருப்பார். ஒருவர் எதற்கெடுத்தாலும் கை நீட்டுகிற முன்கோபக்காரராக இருந்திருப்பார். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் கால் தரிக்காமல் ஓடிவந்து, பிறகு எந்த வேலையிலும் நிலைக்காமல் போயிருப்பார். ஊரில் இந்த மூவருக்கும் ஒரே பெயர்தான்: "அந்தக் குடும்பத்துல ஒரு மாதிரி." வைத்திய முறையில் பார்த்தால் இவை மூன்றும் வேறு வேறு. குழப்பமும் பயமும் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

முதலில் பரம்பரை என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி என்று உடம்பின் அமைப்பு பிள்ளைக்கு வருகிறது. மூக்கும் நிறமும் வருவது போலவே சுபாவத்தின் ஒரு பகுதியும் வருகிறது. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விதைநெல்லை மட்டும் வைத்து விளைச்சலைச் சொல்லிவிட முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியது அல்ல. தண்ணீர், எரு, களை, மழை எல்லாம் சேர்ந்துதான் மகசூல்.

மனச்சிதைவு என்ற பெரிய மனநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு அது வருகிறது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகளில் 100-க்கு 10 பேர் அளவுக்கு வருகிறது. அதாவது 90 பேருக்கு வருவதில்லை. சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்து, அச்சு அசலாக ஒரே அமைப்போடு பிறந்த இரட்டைப் பிள்ளைகளில்கூட, ஒருவருக்கு இந்த நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவாகவே இருக்கிறது. இன்னொன்றும் முக்கியம். இந்த நோய் பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுக்கு மேல் தலைகாட்டுவது. ஐந்து வயதில் வருவது மிக மிக அபூர்வம். ஆகவே உங்கள் பையன் திண்ணையிலிருந்து குதிப்பதும், பலகையில் உட்காராமல் ஓடுவதும் சித்தப்பாவின் நோய்க்கு அறிகுறி என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேறு கதை.

அப்படியானால் ஓடுகிற பிள்ளைக்கு ஒன்றுமே இல்லையா? பலருக்கு ஒன்றுமே இல்லை. அந்த வயதுக்கு அதுதான் இயல்பு. பால்வாடியில் ஆடிப்பாடி இருந்த பிள்ளையைத் திடீரென்று நாள் முழுவதும் உட்காரச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் கஷ்டம்தான். முதல் இரண்டு மூன்று மாதம் அழுகை, வயிற்றுவலி என்று சாக்கு, படுக்கையில் சிறுநீர் போவது எல்லாம் சகஜம். இதில் இன்னொரு சங்கதி உண்டு. சீக்கிரம் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்று வயதைக் கூட்டிப்போட்டுச் சேர்க்கிற வழக்கம் நம் பக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வகுப்பிலேயே வயதில் சிறிய பிள்ளைதான் "அடங்காதவன்" என்று அதிகம் பெயர் வாங்குகிறது என்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். பக்கத்தில் உட்காரும் பிள்ளையைவிட எட்டு, பத்து மாதம் இளையது. அதனிடம் அதே பொறுமையை எதிர்பார்த்தால் எப்படி? வயதைத் திருத்தாதீர்கள். ஒரு வருஷம் முந்திப் படித்து யாரும் கலெக்டர் ஆகிவிடவில்லை.

ஆனாலும், 100 பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இந்தத் துடிப்பும் கவனச் சிதறலும் வயதுக்கு மீறி இருக்கின்றன. இதைக் கவனக்குறைவு மிகைத்துடிப்புக் கோளாறு என்பார்கள். டாக்டர்கள் ஏ.டி.எச்.டி. என்று சொல்லக் கேட்டிருக்கலாம். குடும்பத்தில் ஓடுவது என்று பார்த்தால் இதுதான் பலமாக ஓடுகிறது. தகப்பனுக்கோ தாய்க்கோ சின்ன வயதில் இப்படி இருந்திருந்தால் பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. சித்தப்பாவின் மனநோயைப் பற்றிக் கவலைப்படுகிற வீட்டில், "நானும் சின்ன வயசுல இப்படித்தான், வாத்தியார் தூணில் கட்டிவைப்பார்" என்று தகப்பனார் சிரித்துக்கொண்டே சொல்வார். டாக்டருக்கு மிகவும் உபயோகமான செய்தி அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை.

இதற்குக் காரணம் வளர்ப்புச் சரியில்லை என்பதல்ல. தாயார் செல்லம் கொடுத்ததும் அல்ல. மூளையில் கவனத்தையும் அடக்கத்தையும் நடத்துகிற பகுதி கொஞ்சம் தாமதமாக முதிர்கிறது, அவ்வளவுதான். பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மனம்விட்டுப் பேச வேண்டும். பிள்ளை நன்றாக இருந்தால் "எங்க வம்சம்" என்பார்கள். பிள்ளையிடம் ஒரு குறை தெரிந்தால் "அவ வீட்டு ரத்தம்" என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு ஒரு தாய் என்ன செய்வாள்? தன் வீட்டில் யாருக்காவது நோய் இருந்தால் அதை மூடி மறைப்பாள். கிராமத்துக்கு வரும் மருத்துவக் குழு கேட்டாலும், "எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லீங்க" என்பாள். பக்கத்தில் மாமியார் நின்றால் வேறு என்ன சொல்ல முடியும்? நான் பார்த்த ஒரு பெண், தன் தம்பிக்கு வலிப்பு உண்டு என்பதை ஏழு வருஷம் புருஷனிடமே சொல்லவில்லை. மகன் வகுப்பில் அடிக்கடி சில விநாடி எதையோ வெறித்துப் பார்த்து நிற்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். "கனவு காண்கிறான்" என்று வீட்டில் திட்டும் அடியும். தம்பியின் செய்தியைச் சொன்ன அன்றே டாக்டர் மூளை மின்னலைப் படம் எடுக்கச் சொன்னார். அதுவும் ஒரு வகை வலிப்புதான். மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளை தேறியது. ஏழு வருஷம் பூட்டி வைத்த வாயைத் திறக்க அந்தத் தாய்க்குத் தைரியம் கொடுத்தது அவள் புருஷன். "யார் வீட்டு ரத்தமா இருந்தா என்ன, பிள்ளை நம்ம பிள்ளை" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். தகப்பன்மார்களே, இந்த ஒரு வார்த்தையை மனைவியிடம் சொல்ல உங்களுக்குச் செலவு ஒன்றுமில்லை.

குடும்ப விவரம் என்பது கொலைக்குற்றம் அல்ல, மறைப்பதற்கு. அது தீர்ப்பும் அல்ல, பயப்படுவதற்கு. டாக்டர் எந்தப் பக்கம் முதலில் தேட வேண்டும் என்று காட்டுகிற ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அவரிடம் என்ன சொல்ல வேண்டும்? இரண்டு பக்கத்திலும் யாருக்கு என்ன இருந்தது, எந்த வயதில் ஆரம்பித்தது, என்ன வைத்தியம் நடந்தது. மனநோய், வலிப்பு, காது கேளாமை, பேச்சு வராமை, படிப்பு ஏறாமை, குடி, தற்கொலை எல்லாவற்றையும் சொல்லலாம். நோயின் பெயர் தெரியாவிட்டால் நடந்ததைச் சொன்னால் போதும். "ராத்திரி தூங்கமாட்டார், யாரோ பேசுறாங்கன்னு சொல்வார்" என்று சொன்னால் டாக்டர் புரிந்துகொள்வார். சொந்தத்தில் கல்யாணம் என்றால் அதையும் சொல்லுங்கள். அக்காள் மகளைக் கட்டியவர்கள், மாமன் மகளைக் கட்டியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் பிறவியிலேயே காது கேளாமையும் அறிவு வளர்ச்சிக் குறைவும் கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுகின்றன. கல்யாணம் முடிந்த பிறகு அதைப் பற்றி வருந்திப் பயனில்லை. சீக்கிரம் பரிசோதிப்பதில் பயன் உண்டு. மனநலச் சிகிச்சையில் நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. கூட்டத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால், "தனியாப் பேசணும்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பள்ளியில் அப்படி அல்ல. டீச்சரிடம் சித்தப்பா கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சொன்னால் நல்ல டீச்சருக்குக்கூடப் பிள்ளையைப் பார்க்கும் பார்வை மாறிவிடலாம். அவருக்குத் தேவை வேறு. "கூட்டத்துல சத்தம் அதிகமானா இவன் காதைப் பொத்திக்குவான். ஒரே நேரத்துல மூணு வேலை சொன்னா ஒண்ணும் செய்யமாட்டான், ஒண்ணு ஒண்ணாச் சொன்னா செய்வான். முன்வரிசையில உட்கார வையுங்க. நோட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை கொடுத்தா சந்தோஷமாச் செய்வான்." இப்படிச் சொல்லுங்கள். பிள்ளையின் தேவையை டீச்சரிடம், குடும்ப விவரத்தை டாக்டரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் மாற்றிச் சொல்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். டாக்டரிடம் ஒன்றுமில்லை என்பார்கள், பள்ளி வாசலில் நின்று மற்றப் பெற்றோரிடம் எல்லாவற்றையும் கொட்டுவார்கள்.

பிள்ளையை அடித்துத் திருத்துங்கள் என்று நீங்களே டீச்சரிடம் சொல்லாதீர்கள். "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிங்க சார்" என்று சொல்வது ஒரு காலத்தில் மரியாதையாக இருந்தது. பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும். மிகைத்துடிப்பு உள்ள பிள்ளை அடித்தால் அடங்குவதில்லை. பயமும் பொய்யும் முரட்டுத்தனமும்தான் கூடும்.

எந்த முடிவுக்கும் வருவதற்கு முன் சாதாரணக் காரணங்களைப் பாருங்கள். "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு உண்மையிலேயே காது கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடிகிற பிள்ளைகளிடம் இதை நிறையப் பார்க்கலாம். கண் மங்கலான பிள்ளை கரும்பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பையனோடு விளையாடும். ரத்தசோகை உள்ள பிள்ளை சோர்ந்து எரிந்து விழும். காலையில் பட்டினியாக வந்த பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் ஆரம்பித்த காலை உணவுத் திட்டம் இருக்கும் இடத்தில், நேரத்தோடு அனுப்பி வையுங்கள். தூக்கமும் அப்படித்தான். இந்த வயதுக்குப் பத்து மணி நேரம் வேண்டும். பதினொரு மணி வரை செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு, காலையில் "எழுந்திரிக்கமாட்டேங்கிறான், சண்டித்தனம்" என்றால் தவறு யாருடையது? 2 முதல் 4 வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. வயலுக்குப் போகும் தாய்க்கு அந்தப் போன் எவ்வளவு ஒத்தாசை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ராத்திரியிலாவது அது வேண்டாம்.

குடும்பத்தில் ஓடுவதெல்லாம் ரத்தத்தில் ஓடுவதல்ல. தகப்பன் குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கிற வீட்டில், பிள்ளை பள்ளியில் மற்றப் பிள்ளையை அடிக்கும். "பாட்டன் முரடன், அதான் பேரனும் முரடன்" என்று அதற்குப் பரம்பரைக் கணக்கு எழுதுவது வசதியாக இருக்கலாம். ஆனால் பிள்ளை அதைப் படித்துக்கொண்டது பாட்டனிடம் அல்ல, நேற்று ராத்திரி நடுவீட்டில். இதைக் கேட்க உங்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். குடியை நிறுத்த ஒத்தாசை வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

தாய்க்கோ தகப்பனுக்கோ மனநோய் இருந்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதை ஒழுங்காகச் சாப்பிடுவதுதான் உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்யும் பெரிய உபகாரம். தாயின் மனச்சோர்வு வைத்தியத்தால் நீங்கினால் பிள்ளையின் நடத்தையும் சீராவதைக் காண்கிறோம். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நான் தடுக்கவில்லை. மனத்துக்கு ஆறுதல் வேண்டும். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், யாரையும் கட்டிப்போட விடாதீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களும் ஏதோ ஒரு பிள்ளைக்குச் சித்தப்பாவும் அத்தையுமாக இருந்தவர்கள்தான்.

எப்போது காட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். துடிப்பும் கவனச் சிதறலும் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும் அப்படியே இருந்தால் காட்ட வேண்டும். வீட்டில் மட்டும் என்றால் வீட்டைப் பாருங்கள், பள்ளியில் மட்டும் என்றால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, கண்ணைப் பார்க்காத பிள்ளை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாத பிள்ளை, பேசிய பேச்சை இழந்துவிட்ட பிள்ளை, இவர்களுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள். "எங்க வீட்டு ஆம்பளைப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்று பெரியவர்கள் சொல்வது பல நேரம் சரியாகவும் இருக்கும், சில நேரம் இரண்டு வருஷத்தை வீணாக்கியும் விடும்.

எங்கே காட்டுவது? 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, டாக்டர் உள்ள குழு வேனில் பால்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வருகிறது. அன்றைக்குப் பிள்ளையை வேலைக்கோ விசேஷத்துக்கோ கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அவர்கள் சீட்டு எழுதி மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே காது, கண், பேச்சு, மனவளர்ச்சி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மிகைத்துடிப்பு என்று தெரிந்தாலும் எடுத்தவுடன் மாத்திரை கொடுப்பதில்லை. தாய் தகப்பனுக்குத்தான் முதலில் பயிற்சி. நேரப்படி சாப்பாடு, நேரப்படி தூக்கம், ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலை, செய்தவுடன் ஒரு பாராட்டு என்று சொல்லித் தருவார்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். மூன்று மாதம் விடாமல் செய்வதுதான் கஷ்டம். அப்பா ஒரு மாதிரி, அப்பத்தா ஒரு மாதிரி நடந்துகொண்டால் பலிக்காது. ஆகவே வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பெரியவரையும் கூட்டிப் போங்கள்.

இனி அடுத்த பிள்ளை பற்றி. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த பிள்ளைகளில் ஐந்தில் ஒன்றுக்கு வரக்கூடும் என்று பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஐந்தில் நான்குக்கு இல்லை. பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள், ஊர் முடிவு செய்ய வேண்டாம். நாள் எடுத்துக்கொள்ள விரும்பினால் காப்பர்-டி உண்டு, ஆணுறை உண்டு. பிறந்த பிறகு ஒன்றரை வயதிலேயே பரிசோதனைக்குக் கொண்டு வாருங்கள். வலிப்புக்கோ மனநோய்க்கோ வால்ப்ரோயேட் என்ற மாத்திரை சாப்பிடும் தாய்மார்கள், கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். கருவில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும், வேறு மருந்துக்கு மாற்ற முடியும். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது அதைவிட ஆபத்து.

வேன் வரும் தேதியைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வரும்போது பிள்ளையின் தடுப்பூசி அட்டை, பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு, டீச்சர் சொன்ன நாலு வரி, இரண்டு பக்கத்துக் குடும்ப விவரம் ஒரு தாளில். எழுதத் தெரியாதவர்களுக்கு நர்ஸ் அம்மா எழுதித் தருவார். மனக்கஷ்டம் தாங்கவில்லை, பேச ஆளில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. இப்போது கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம். எல்லோர் முன்னாலும் கேட்கத் தயங்குகிறவர்களுக்காகக் கூட்டம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் பால்வாடியின் பின்கட்டில் உட்கார்ந்திருப்பேன். புருஷனும் மனைவியுமாகச் சேர்ந்து வந்தால் நல்லது.